சிப்பி ஓபல் ஆவது எப்படி: மெழுகு அச்சில் ஒரு சோதனை

ஓபல் என்பது நீர் கலந்த சிலிக்காவால் (மணலில் உள்ள அதே பொருள்) ஆன மணிக்கல். ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் ஓபல் சிப்பிகளில் பல, வார்ப்புகள்தான். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் களிமண்ணில் புதைந்த சிப்பி கரைந்துபோனது; மிஞ்சிய குழியில் சிலிக்கா நிரம்பியது. இதை வீட்டிலேயே, அரைகுறையாகவாவது, செய்து பார்க்கலாம்.

அச்சு: மெல்லிய சிறு சிப்பியை உருக்கிய மெழுகில் பதித்து, ஆறியதும் எதிரெதிர் ஓரங்களில் சிப்பி வரை இரண்டு துளை. பிளாஸ்டிசின் வேண்டாம், அதில் பெரும்பாலும் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கும், அமிலம் அதையும் அரிக்கும்.

கரைத்தல்: 1 கிராம் சிப்பிக்கு 4 சதவீத வினிகர் குறைந்தது 30 மி.லி. தேவை. தினமும் மாற்ற வேண்டும். துளைகள் மேல்நோக்கி இல்லாவிட்டால் கரியமில வாயு உள்ளே அடைத்துக்கொள்ளும், கரைவது பாதியில் நிற்கும்.

நிரப்பல்: கெட்டியான சோடியம் சிலிக்கேட் கரைசல் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. இதில் 20 மி.லி.யை 30 மி.லி. வினிகரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும் (கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சிலிக்கேட் காரம்). வினிகரைச் சிலிக்கேட்டில் ஊற்றினால் கட்டிதட்டும். இரண்டும் சம அளவானால் கலவை நடுநிலையை நெருங்கி, சிரிஞ்சில் ஏற்றுவதற்குள் உறைந்துவிடும். சரியாக அமைந்தால், சிரிஞ்சால் துளைவழி குழிக்குள் ஏற்றியபின் ஓரிரவில் கூழாகும்.

சிக்கல் உலர்த்துவதில்தான். அந்த 50 மி.லி. கூழில் சிலிக்கா ஒன்றரை கிராம்கூட இல்லை, மற்றதெல்லாம் நீரும் உப்பும். வெயிலில் வைத்தால் சுருங்கி நொறுங்கும். உப்பைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, துளைகளை ஈரத்துணியால் மூடி, வாரக்கணக்கில் உலரவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். பலமுறை நிரப்பியும் கிடைப்பது சிப்பியின் வரிகள் பதிந்த வெண்சில்லுகளே. நிலத்தடியில் சிலிக்கா நீர் மீண்டும் மீண்டும் ஊறிவந்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

எலும்பு ஓபல் ஆகும் கதை வேறு. நுண்துளைகள் முதலில் நிரம்பி, எலும்புப்பொருள் மெல்ல மெல்லச் சிலிக்காவுக்கு இடம்விட்டால் உள்ளமைப்பும் தங்கும். வார்ப்பில் வெளிவடிவம் மட்டுமே.

ஓபலின் வண்ண மினுக்கம் இதில் வராது. அதற்கு 150 முதல் 300 நானோமீட்டர் வரையிலான சிலிக்கா உருண்டைகள், ஒரே அளவில், வரிசையாக அடுக்கப்பட வேண்டும். இந்தக் கூழில் அந்த ஒழுங்கு இல்லை. ரிட்ஜிலும் பெரும்பாலான புதைபடிவங்கள் நிறமாடாத 'பாட்ச்' வகைதான்.