சுருட்டினாலும் வெடிக்காத பாலைவனம்

1942இல் எகிப்தின் எல் அலமைன் அருகே போர் நடந்த ருவெய்சாத் மேட்டுக்காக, பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டின் தரையாக நான் செய்துவரும் ஆறுக்கு நான்கு அடி கேன்வாஸ் விரிப்பு, அடித்தளப் பூச்சு முடிந்து, நான்கு அங்குல பிவிசி குழாயில் சுருட்டப்பட்டு, மீண்டும் விரிக்கப்பட்டபோது ஓரிடத்திலும் வெடிக்கவில்லை. புதர்கள் இன்னும் ஒட்டப்படவில்லை, ஓரங்களும் வெட்டப்படவில்லை. ஆயினும் பெரும்பாலான விரிப்புகள் வீணாவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், அதைப் பற்றி இப்போதே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பூச்சின் முதன்மைப் பொருளான அக்ரிலிக் சீலண்ட் (இடைவெளிகளை அடைக்கும் பசை), அதிலுள்ள நீர் ஆவியாவதால் இறுகுகிறது. ஆகவே காயும்போது சுருங்கவும் செய்கிறது. தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் ஆடை கட்டி, உள்ளே தங்கிய ஈரம் பிறகு வெளியேறும்போது பிளந்துவிடுகிறது. எனவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். இந்தப் பரப்புக்கு அந்தத் தடிப்பில் ஏறத்தாழ 2.2 லிட்டர் கலவை வேண்டும். மணலும் எமல்ஷன் பெயிண்டும் சேர்வதால் 300 மி.லி. சீலண்ட் குழல்கள் ஐந்து போதும். சீலண்ட் மூன்று பங்குக்கு மணல் ஒரு பங்கு என்பதே என் அளவு. மணல் கூடக் கூட நெகிழ்வு குறைகிறது.

ஆற்று மணலைவிட எம்-சாண்டே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதன் மணிகள் கூர்முனை கொண்டவை. டிரை பிரஷ் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகை) ஓட்டும்போது ஒவ்வொரு முனையும் நிறத்தைப் பிடித்து உடைகல் போலத் தெரிகிறது. 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்கான 1:56 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணி என்பது கையளவுக் கல். ஆனால் அதிலுள்ள கல்தூள் கலவையின் ஈரத்தை உறிஞ்சி அதை விறைப்பாக்கிவிடும் என்பதால், நன்றாகக் கழுவி, உலர்த்தி, சலித்த பிறகே சேர்க்க வேண்டும். கலவை அடை மாவுப் பதத்தில் இருந்தால் பட்டித் தகடு தடையின்றி ஓடுகிறது.

முன்கூட்டியே நனைத்துச் சுருங்கவிட்ட கேன்வாஸை எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகையில் இழுத்துக் கட்டி, பூசுவதற்குச் சற்று முன் லேசாக ஈரப்படுத்தினால்தான் கலவை நெசவுக்குள் இறங்குகிறது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் அடுத்த பகுதியை இணைப்பதற்குள் முந்தைய ஓரம் காய்ந்து, தையல் போட்டாற்போல் கோடு விழும். தகட்டின் தடங்களை ஈரப் பஞ்சால் ஒற்றி அழித்துவிடலாம்.

சுருட்டும்போது பூச்சு வெளிப்புறமாக இருக்கட்டும். நீள்வது அக்ரிலிக்குக்கு இயல்பு. உட்புறமாக மடித்து நெருக்கினால்தான் சுருக்கம் விழுகிறது. உராய்வில் மணல் உதிராமலிருக்க மேலே பழைய வேட்டியைச் சுற்றிவிடுகிறேன்.

கடைகளைப் பற்றி ஒரு சொல். சீலண்ட் என்று கேட்டால் யோசிக்காமல் சிலிக்கானை எடுத்துத் தருகிறார்கள். அதன்மேல் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது. குழலில் பெயிண்ட் அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மஞ்சள் ஆக்சைடு ஸ்டெய்னரையும் (நிறம் கூட்டும் சாயம்) துளி கறுப்பையும் கலவையிலேயே சேர்த்துவிட்டால், பின்னாளில் எங்கேனும் பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. மஞ்சளை அள்ளிக் கொட்ட வேண்டாம், எல் அலமைன் பகுதியின் தரை, படங்களில் வரும் பொன்மணல் மேடுகள் அன்று, வெளிறிய கல்தரை.

அந்தக் கல்தரையில் குழி தோண்டுவது கடினம் என்பதால் வீரர்கள் கற்களை அடுக்கிச் சங்கர் என்னும் தாழ்ந்த அரண்களைக் கட்டிக்கொண்டார்கள். அவற்றைத் தனித் துண்டுகளாகச் செய்யும் எண்ணம் இருக்கிறது. ஆறடி விரிப்பு உண்மையில் ஏறத்தாழ நூறு மீட்டர் நிலத்தையே காட்டும். பல மைல் நீண்ட மேட்டை அதில் எழுப்ப முயல்வது வீண் வேலை. விரிப்பின் அடியில் மெல்லிய ஃபோம் தகடுகளை நுழைத்தால், இந்த நெகிழ்வான பூச்சு அவற்றின்மேல் படிந்து, தேவையான சரிவைத் தருகிறது. 1942 ஜூலை 1 அன்று 18ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜெர்மன் தளபதி ரோம்மெலின் டாங்கிகளைத் தாமதப்படுத்திய தெய்ர் எல் ஷெய்ன் பள்ளத்துக்கு அடுத்த விரிப்பை ஒதுக்கியிருக்கிறேன். அதற்கான கேன்வாஸும் வாங்கியாகிவிட்டது. இதற்கிடையில், இந்த விரிப்பின் முட்புதர்களுக்காகத் தேங்காய் நாரை நறுக்கிச் சாயத்தில் ஊறவைத்திருக்கிறேன்.