படத்துக்கு முன்னாலா, பின்னாலா?

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை எடுத்தேன். குலுக்கலில் பெயர் வரும் சிறுவர் சிறுமியர், ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய போட்டிதான் கதை. விமர்சகர்கள் நாவலை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் தலைப்பு. நாலு பேர் புகழ்ந்தது, நாலு பேர் குறை சொன்னது, நடுவில் ஒரு ‘இருப்பினும்’ போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன்.

முதல் வரைவில் முக்கால்வாசி கதைச்சுருக்கம். கைடு மேடம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, “கதை எனக்குத் தெரியும் மக்களே, வாசிச்சவங்க என்ன சொன்னாங்க?” என்றார். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், தக்கலை நெரிசலில் நிற்கும்போதெல்லாம் விமர்சனங்களை வாசிக்கத் தொடங்கினேன்.

திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், நாவல் வந்த 2008-லேயே விமர்சனம் எழுதிவிட்டார். கொடுத்த மதிப்பு ‘பி’. வேகத்தைப் பாராட்டினார், ஆசிரியரின் சோம்பல் சில இடங்களில் தெரிகிறது என்றும் சொன்னார். இதை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் ‘தி லாங் வாக்’, ‘தி ரன்னிங் மேன்’ என்று உயிரைப் பணயம் வைக்கும் போட்டிக் கதைகளை எழுதியவர் அவர். ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமியின் இதே மாதிரியான ‘பேட்டில் ராயல்’ நாவலோடு அவற்றையும் சேர்த்து, இந்தப் பக்கம் ஏற்கெனவே ஆள் வந்து போயிருக்கிறது என்று அந்த விமர்சனத்திலேயே கிண்டலாகச் சொல்கிறார். அவர் கையிலிருந்த அளவுகோல் எது என்று தெரிந்தபிறகுதான் எனக்கு எழுத வந்தது. அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் எழுதிய ஜான் கிரீன், தானே இளையோர் நாவலாசிரியர். கதைப்பின்னலையும் வேகத்தையும் மிகவும் புகழ்ந்த அவர், கதையை நிஜ உலகின் உருவகமாக விரிக்கக் கிடைத்த வாய்ப்பைக் காலின்ஸ் சில இடங்களில் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நான் சறுக்கியது தேதியில். 2012-இல் நாவல் படமாக வந்தபின் எழுதப்பட்ட ஒரு கட்டுரையை, நாவலின் முதல் வரவேற்பு என்று சேர்த்திருந்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டெர்னல் அந்தப் பக்கத்தைத் திறந்து, “இது படத்துக்கு முன்னாலா, பின்னாலா?” என்றார். எச்சில் விழுங்கினேன். நீங்கள் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: தேதி, எழுதியவர், அவர் வேறென்ன எழுதியவர், எதோடு ஒப்பிடுகிறார். நூலகங்களிலும் பள்ளிகளிலும் வைக்கக் கூடாதென்று அதிகம் எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களை அமெரிக்க நூலகச் சங்கம் தொகுக்கும் பட்டியலில் இந்நாவல் 2010, 2011, 2013 ஆண்டுகளில் வந்ததையும் அந்த வரிசையிலேயே சொருகுங்கள். படத்துக்கு முன்பே எதிர்ப்பு இருந்தது தானாகத் தெரியும்.

அப்புறம் எக்ஸ்டெர்னல், ஜான் கிரீன் சொன்ன குறையை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். ஒருநாள் ஒட்டுபால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) பிரிக்கும்போது கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆளுக்கு ஒரு வருடத் தானியமும் எண்ணெயும் வாங்கினால், சாவுக் குலுக்கலில் வாங்கியவர் பெயர் ஒருமுறை கூடும். பதினாறு வயது நாயகி காட்னிஸின் பெயர் 20 முறை இருக்கிறது.

“வாங்காம இருந்தா?”

“பட்டினி.”

“அப்ப பேரு எழுதினது அவ இல்ல, கோதம்பு குடுக்கவன்.”

இதை வைத்து, உருவகம் நன்றாகவே வேலை செய்கிறது என்று பதில் சொன்னேன்.

“புராஜெக்டில் எழுதியிருக்கிறாயா?”

“இல்லை சார். அடிக்குறிப்பில் யார் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை.”