அதிகாலையில் மிதக்கும் மீன்கள்

ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் முதல் பேச்சு எழும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் ஊர்ச் சாக்கடை வந்து சேரும் ஏரிகளில் மீன்கள் பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான் சாகின்றன. எனவே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குச் செத்தன என்பதே.

விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்தபடி மேல்மட்டத்துக்கு வந்து, தண்ணீர் விழும் இடத்தில் முண்டியடித்து, பெரிய கட்லாவும் ரோகுவும் முதலில் சாய்ந்திருந்தால் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. அதே ஏரியில் விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உயிரோடு இருக்கும், அவற்றால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்க முடியும். ஜிலேபியும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பூச்சிக்கொல்லியோ ஆலைக் கழிவோ காரணமென்றால் காட்சி வேறு. நேரம் காலம் இல்லாமல், பெரிது சிறிது என்ற வித்தியாசம் இல்லாமல் சாகும். தவளைக்குஞ்சு, இறால், நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து போகும். சாவதற்கு முன் மீன்கள் தாறுமாறாகச் சுழன்று நீந்துவதையும் பார்க்கலாம்.

தண்ணீரில் ஆக்சிஜன் கரையும் அளவே சொற்பம். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மி.கி., 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் கீழே. நம் கோடையில் ஏரி எப்போதும் அரை வயிற்றோடுதான் இருக்கிறது என்று பொருள். இதில் 4 மி.கி.க்குக் கீழே போனாலே மீன்கள் சோர்ந்துவிடும், 2-க்குக் கீழே கெண்டை இனங்களுக்கு உயிர்ப் போராட்டம்.

பச்சைப் பாசி அடர்ந்த ஏரி பகலில் இதை மறைத்துவிடும். வெயிலில் பாசி ஆக்சிஜனை உமிழ, பிற்பகல் 3 மணிக்கு 12, 15 மி.கி. கூடக் காட்டும். சூரியன் இறங்கியதும் உற்பத்தி நின்றுவிடுகிறது. பாசி, மீன், பாக்டீரியா, அடிச்சேறு எல்லாம் இரவு முழுக்கச் சுவாசிக்கின்றன. சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டம் தொடும். காலை 11 மணிக்கு வந்து மாதிரி எடுத்து, "ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளது" என்று எழுதப்படும் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மீன் செத்த நேரத்துத் தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சாக்கடை இதில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பு, ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குட்டையில் சுமார் 6,000 கன மீட்டர் தண்ணீர் இருக்கும். லிட்டருக்கு 7.5 மி.கி. வீதம் மொத்த ஆக்சிஜன் இருப்பு 45 கிலோ. வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கை பாக்டீரியாக்கள் சிதைக்க லிட்டருக்குச் சுமார் 250 மி.கி. ஆக்சிஜன் தேவை, இதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். ஒரு லட்சம் லிட்டர் சாக்கடை வந்தால் 25 கிலோ போய்விடும். செப்டிக் டேங்க் கழிவு இன்னும் பல மடங்கு அடர்த்தி. லிட்டருக்கு 5,000 மி.கி. என்று வைத்துக்கொண்டால், இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போகும் 6,000 லிட்டர் லாரி ஒன்றே 30 கிலோ ஆக்சிஜனைக் கேட்கும். குட்டையின் இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு! இந்தச் செலவு சில நாட்களில் பரவி நடக்கிறது, காற்றிலிருந்தும் கொஞ்சம் கரைந்து வருகிறது, அதனால்தான் குட்டை உடனே செத்துவிடுவதில்லை. ஆனால் புழுக்கமான, காற்றே வீசாத ஒரு இரவு வந்தால் தாங்காது.

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை இன்னும் மோசம். மழைநீர் வடிகாலில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த கறுப்புச் சேறு ஒரே மூச்சில் ஏரிக்குள் வருகிறது. அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டும் ஆக்சிஜனைக் கண்டதும் பிடுங்கிக்கொள்ளும். குளிர்ந்த மழைநீர் கீழே இறங்கி, அடியில் கிடந்த உயிரற்ற தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேகமூட்டத்தில் பாசியும் வேலை செய்வதில்லை. "நேற்று நல்ல மழை பெய்ததே, பிறகு ஏன் மீன் செத்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அளக்க விரும்பினால் காலை 5 மணிக்கு அளங்கள். மீட்டர் இல்லாவிட்டால், ரசாயனக் கரைசல்களைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை போதும். கல்லூரி வேதியியல் ஆய்வகம் ஒன்றின் துணை இருந்தால் நல்லது, இதில் பயன்படும் அமிலமும் அசைடும் கவனமில்லாமல் கையாளக்கூடிய பொருள்கள் அல்ல. மூடியோடு கூடிய 300 மி.லி. கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்புங்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் காற்று கலந்து அளவு கூடிவிடும், பெரும்பாலோர் செய்யும் தவறு இது. கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு-அசைடு கரைசல் 1 மி.லி., பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லவே இல்லை. மீதியைச் செய்யாவிட்டாலும் அந்த வெள்ளை நிறமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். படிவு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. சேர்த்துக் கரைத்து, 201 மி.லி. அளந்தெடுத்து, 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பாருங்கள். வெளிர்மஞ்சள் ஆனதும் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தொடருங்கள். செலவான தயோசல்பேட் எத்தனை மி.லி.யோ, அதுவே லிட்டருக்கு இத்தனை மி.கி. ஆக்சிஜன். சாக்கடைத் தண்ணீரில் நைட்ரைட் இருக்கும், அதை நீக்கும் அசைடு இல்லாமல் செய்தால் அளவு பொய்யாகக் கூடும்.

அடுத்து அளக்க வேண்டியது, சாக்கடையோடு வரும் அமோனியா. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டி மொத்த அமோனியாவைத்தான் காட்டும். அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பகுதி மட்டும், அந்தப் பகுதியைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் 1 சதவீதத்துக்கும் குறைவு, 8 என்றால் 7 சதவீதம், 9 என்றால் 44 சதவீதம். மொத்த அமோனியா 2 மி.கி. உள்ள ஏரியில் விடியலில் பி.எச். 7.2 இருந்தால் நச்சுப் பகுதி 0.025 மி.கி.தான். பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் பிற்பகலில் பி.எச். 9-ஐத் தொடும்போது, அதே தண்ணீரில் அது 0.9 மி.கி. ஆகிவிடும். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். ஆக, இதே மீன்களுக்கு விடியலில் மூச்சுமுட்டல், மதியத்தில் நஞ்சு.

இதைத் தெரிந்துகொண்டால், மீன் செத்த ஏரியில் சுண்ணாம்பைக் கொட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். சுண்ணாம்பு பி.எச்.சை ஏற்றி, மிச்சமிருக்கும் மீன்களுக்கு அமோனியாவை விஷமாக்கிக் கொடுக்கிறது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அதன் குளோரின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகும், அதுவும் செவுளைத் தின்னும். ஆகாயத்தாமரையை வெட்டித் தண்ணீரிலேயே விட்டால் அழுகி மேலும் ஆக்சிஜனைக் குடிக்கும், கரையேற்றியே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது எளிது. டீசல் பம்ப் வைத்து மேல்மட்டத் தண்ணீரை எடுத்து, உயரத்திலிருந்து ஏரிக்குள்ளேயே மழைபோல் தெளியுங்கள். உறிஞ்சுகுழாயின் வாய் சேற்றைத் தொடக்கூடாது, தொட்டால் சல்பைடு கிளம்பும். சூரியன் ஏறி இரண்டு மணி நேரம் ஆகும்வரை நிறுத்த வேண்டாம். செத்த மீன்களை உடனே அள்ளிக் கரைக்கு அப்பால் புதைக்க வேண்டும். தீவனம் போடவே கூடாது.

இவையெல்லாம் முதலுதவி. நோயின் வேர், சாக்கடையோடு வந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 226-ஆம் எண் ஏரியை 1973-இல் ஆய்வாளர்கள் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் நீலப்பச்சைப் பாசியால் மூடிப்போனது. ஒரு கிராம் பாஸ்பரஸ் வளர்க்கும் பாசி முழுவதும் அழுக 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் பி.ஓ.டி.யைக் குறைத்தாலும் பாஸ்பரஸைப் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. (ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெங்களூரு கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. நுரைப்பது அதில் உள்ள டிடர்ஜென்டின் பரப்பு இழுவிசை குறைக்கும் பொருள்கள், பாஸ்பரஸின் உப்பான பாஸ்பேட் அல்ல.)

அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிக்குள் வந்த கழிவுநீரை 1963 முதல் 1968-க்குள் முற்றிலும் திருப்பிவிட்டார்கள், சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. நம் ஏரிகள் இரண்டு மூன்று மீட்டர்தான், அடிச்சேறு தண்ணீரோடு ஒட்டியே கிடக்கிறது. சேற்றில் இரும்போடு பிணைந்த பாஸ்பேட், ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைவதால் விடுபட்டு மேலே வருகிறது. வரத்துக் கால்வாயில் சாக்கடையை நிறுத்திய பிறகும் ஏரி பல ஆண்டுகள் பச்சையாகவே இருப்பது இதனால்தான்.

முன்பெல்லாம் கோடையில் ஏரி வற்றும், வண்டலை வயலுக்கு அள்ளிப் போவார்கள், பாஸ்பரஸும் அதோடு வெளியேறும். இப்போது ஆண்டு முழுக்கச் சாக்கடை வருவதால் நகர ஏரிகள் வற்றுவதே இல்லை. சாக்கடையைத் திருப்பி, ஒரு கோடையாவது ஏரியைக் காயவிட்டுத்தான் வண்டலை எடுக்க முடியும். எடுத்ததை வயலில் போடும் முன் காரீயம், காட்மியம், குரோமியம் மூன்றுக்கும் சோதனை செய்ய வேண்டும். பட்டறைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் உள்ள ஊர் என்றால் ஏரியின் ஒரே இடத்தில் அல்ல, வரத்துவாயில், நடுவில், மதகருகில் என மூன்று இடத்திலாவது மாதிரி எடுங்கள். உலோகங்கள் பெரும்பாலும் வரத்துவாயிலேயே படிந்திருக்கும்.