ஹெட்டைக் கழட்டச் சொன்ன சத்தம்

மூன்று கிழமை, இரண்டு கராஜ், ஒரு பிழையான கஸ்கட் (ஒயில் கசியாமல் மூட்டில் வைப்பது), தேவையில்லாமல் ஊற்றி இறக்கிய ஒயில். இவ்வளவுக்கும் காரணம் இறுக்காமல் விட்ட ஒரு ஸ்பார்க் பிளக். எஞ்சினில் இதே "டிக் டிக்" சத்தத்தோடு யாராவது கராஜ் வாசலில் நிற்கிறீர்கள் என்றால், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) தொட விடுவதற்கு முன் இதை வாசியுங்கள்.

கார் டொயோட்டா கொரொல்லா 121. எஞ்சின் 1என்இசட்-எப்ஈ, 1496 சி.சி., 16 வால்வு, ரைமிங் செயின். ஒயில், பில்டர், பிளக் மாற்றிச் சேர்விஸ் செய்த இரண்டாம் நாள் காலையில் "டிக் டிக்" தொடங்கியது. அடக்கமாக, சீராக, தையல் மெஷின் மாதிரி. எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் கூடும். சமதரையில் பெரிதாகத் தெரியாது. திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தில் மிதித்தால் தெளிவாகக் கேட்கும். இதில் மூன்று துப்பு இருக்கிறது: சேர்விஸுக்குப் பிறகுதான் தொடங்கியது, பாரம் ஏறினால் கூடுகிறது, எஞ்சின் வேகத்தோடு ஒட்டிப் போகிறது. "எப்ப தொடங்கினது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் கராஜில் பொனட்டைத் திறந்து பத்து விநாடி கேட்டார்கள். "ஒயில் மெல்லிசு தம்பி, இந்த ஊர் வெக்கைக்கு 20-50தான் சரி." அன்றைக்கே இறக்கி 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். பில்டரோடு 3.7 லீற்றர். சத்தம் ஒரு நாள் குறைந்தது போல இருந்தது, பிறகு பழையபடி. தடித்த ஒயில் எந்த உலோகச் சத்தத்தையும் கொஞ்சம் அமுக்கும்; அதை வைத்துக் கோளாறு தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. இந்த எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிரி-ஐ ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, செயினை இறுக்கி வைக்கும் ரென்ஷனரும் அப்படியே. 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் மேலே ஏறச் சுணங்கும். திருகோணமலை வெயில் வெளியே எவ்வளவு அடித்தாலும் எஞ்சினுக்குள் வெப்பநிலையைத் தேர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது இடத்தில் பாஸ் (மெக்கானிக்) கொஞ்சம் வயதானவர், அனுபவசாலி. நீள ஸ்குரு ட்ரைவரை ரப்பெட் கவரில் (வால்வுகளுக்கு மேலுள்ள மூடியில்) ஊன்றிக் காதை வைத்தார். "ரப்பெட் அடிக்குது. அஜஸ்ட் பண்ணிப் பாப்பம், சரிவராட்டி ஹெட்டைக் கழட்டவேணும்." இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 1என்இசட்டில் அஜஸ்ட் பண்ணத் திருகாணியே கிடையாது. வால்வைத் திறக்கும் கேம் நேரடியாக, வால்வின் தலையில் இருக்கும் ஒரு வாளி வடிவ லிப்டரை அமுக்குகிறது, அவ்வளவுதான். கேமுக்கும் லிப்டருக்கும் இடையிலான இடைவெளி மாறியிருந்தால் கேம் தண்டைக் கழட்டி, வேறு தடிப்புள்ள லிப்டர் போடவேண்டும். 5.060 மி.மீ. முதல் 5.740 மி.மீ. வரை 0.020 மி.மீ. படியில் 35 அளவு இருக்கிறது. எந்த வால்வுக்கு எந்த அளவு என்று கணக்குப் பார்க்காமல் "அஜஸ்ட் பண்ணுறன்" என்று ஒருவர் சொன்னால், அவர் திருகாணியால் சரிசெய்யும் பழைய ரொக்கர் ஆர்ம் எஞ்சினை மனதில் வைத்துப் பேசுகிறார். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இடைவெளியை அளந்தாவது பார்ப்போம் என்று ரப்பெட் கவர் கஸ்கட் வாங்கப் போனால், கடையில் இருந்தவர் "121தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒன்றைக் கொண்டு வந்தார். வீட்டில் வைத்துப் பார்த்தால் அது 1.8 எஞ்சினான 1இசட்இசட்டுடையது. 121 என்று நாம் சொல்வதிலேயே 1.5 எஞ்சினும் இருக்கிறது, 1.8 எஞ்சினும் இருக்கிறது. சேசிஸ் இலக்கம் என்இசட்ஈ121 என்றால் ஒன்று, இசட்இசட்ஈ122 என்றால் வேறொன்று. மாற்றக் கேட்டதற்கு "பைக்கற் உடைச்சா எடுக்கமாட்டம்". சரியானது கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர மூன்று நாள். கஸ்கட் வாங்கப் போகும்போது எஞ்சின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். மொடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். அதே கடையில் "ஹைட்ரோலிக் லிப்டர் சத்தத்துக்கு" என்று ஒரு போத்தலும் தலையில் கட்டப் பார்த்தார்கள். இந்த எஞ்சினில் ஹைட்ரோலிக் லிப்டரே இல்லை.

அளக்கும் வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கவேண்டும். இரவு விட்டு விடியற்காலையில் செய்வது நல்லது. கொயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) நாலையும் கழட்டி, கவரைத் தூக்கி, கிராங் (எஞ்சினின் பிரதான தண்டு) புல்லி போல்ட்டில் சொக்கெட் போட்டு வலஞ்சுழியாக மட்டும் திருப்பி, முதலாம் சிலிண்டரை அமுக்க அடியின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் 1, 2 சிலிண்டர்களின் இன்ரேக் (காற்று உள்ளே வரும்) வால்வுகள், 1, 3 சிலிண்டர்களின் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகள் அளக்கலாம். இன்னொரு முழுச் சுற்றுத் திருப்பினால் 3, 4 இன்ரேக், 2, 4 எக்ஸோஸ்ட். இருக்கவேண்டிய இடைவெளி இன்ரேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.25 முதல் 0.35 மி.மீ. இடைவெளியை அளக்கும் பீலர் கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போவது போலப் போனால் அந்தத் தகடு மெல்லிசு, அடுத்த தடிப்பைப் போடுங்கள். மெல்லிய பிடி இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது இன்ரேக் 0.18–0.22, எக்ஸோஸ்ட் 0.28–0.33. பதினாறும் அளவுக்குள். ஹெட்டைக் கழட்டியிருந்தால் காசும் போய்ச் சத்தமும் இருந்திருக்கும். இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். அதனால் சத்தத்தை அமுக்குவதற்காக அளவைவிட இறுக்கமாக வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

இந்த இடத்தில் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். கொயில்களைக் கழட்டி வரிசையாக வைத்தபோது மூன்றாவதின் றப்பரில் கரி படிந்திருந்தது. மற்ற மூன்றும் சுத்தம். அதைக் கண்ணால் கண்டேன், துணியால் துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். கிராங்கைத் திருப்ப இலேசாக இருக்கும் என்று பிளக்குகளைக் கழட்டுவது வழக்கம். அன்றைக்கு அதையும் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த நிமிடமே கதை முடிந்திருக்கும்.

பிறகுதான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன். முதலில் எண்ணிக்கை. போனில் பத்து விநாடி பதிவு செய்து, கால் வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள். ஐடில் 700 சுற்று என்றால், ஒரு வால்வு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 350, விநாடிக்கு ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. இன்ஜெக்டர் நாலும் சேர்ந்து விநாடிக்கு இருபத்துமூன்று வரும். அது டிக் டிக் என்று கேட்காது, கிரிகிரி என்று ஒன்றாகக் கலந்து கேட்கும். அது சாதாரணம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பெயரிங் போயிருந்தால் தட்டுதல் ஆழமாக, கனமாக இருக்கும், மிதித்தால் இன்னும் மோசமாகும். அப்படியென்றால் காரை ஓட்டாமல் நிறுத்துங்கள். எனக்கு வந்தது பத்து விநாடிக்கு 58. அரைக் கிராங் வேகம்.

ஆனால் இந்த எண் ஆளை ஏமாற்றும். ஒரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, ஒரு சிலிண்டரின் எக்ஸோஸ்ட் கசிவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, ஒரு பிளக்கின் அமுக்கக் கசிவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். எண்ணிக்கையை வைத்து "ரப்பெட்" என்று முடிவு கட்டினால் பாஸ் விட்ட பிழையேதான். அடுத்த கேள்வி: இது உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தமா, காற்று பீறும் சத்தமா?

இதற்கு இரண்டு கருவி போதும். ஒன்று அந்த நீள ஸ்குரு ட்ரைவர். மற்றது ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் ஒரு மீற்றர் தோட்டக் குழாய். ஸ்குரு ட்ரைவர் உலோகத்தில் ஓடும் அதிர்வைக் கொண்டுவரும். குழாய் காற்றில் வரும் சத்தத்தைக் கொண்டுவரும். வால்வுச் சத்தம் என்றால் ஸ்குரு ட்ரைவரில் உரக்க, குழாயில் மங்கலாகக் கேட்கும். வாயுக் கசிவென்றால் நேர் எதிர். எனக்கு ஸ்குரு ட்ரைவரை எங்கே வைத்தாலும் ஒரே அளவு. குழாயின் நுனியை மூன்றாவது கொயிலின் தலைக்கு மேல் பிடித்தபோது காதுக்குள் யாரோ "ட்ஸ், ட்ஸ்" என்று துப்புவது போல இருந்தது. இரண்டாவதுக்கு மேல் நகர்த்தினால் பாதியாகிவிடும். குழாயை ஓடும் பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைச் சந்தேகிப்பவர்கள் அதைக் கழட்டி எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். வோட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் கூட நேரம் வேண்டாம்.

மூன்றாவது சிலிண்டர்தானா என்று உறுதிப்படுத்த, ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் வயராகக் கழட்டிப் பூட்டினேன். கொயில் வயரை மட்டும் கழட்டினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய்க் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். இன்ஜெக்டரைக் கழட்டினால் அந்தப் பயமில்லை. செக் எஞ்சின் லைட் எரியலாம், பிறகு அழித்துக்கொள்ளலாம். 1, 2, 4 கழட்டியபோது எஞ்சின் நடுங்கியது, டிக் மாறவில்லை. 3 கழட்டியபோது டிக் பாதிக்கு இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. இந்தப் "பாதி"தான் முக்கியம். எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கஸ்கட் கசிவென்றால் எரிதல் நின்றதும் சத்தம் ஏறக்குறைய இல்லாமல் போகும். பிளக் கசிவு அப்படியில்லை; எரியாவிட்டாலும் பிஸ்டன் காற்றை அமுக்கத்தானே செய்யும். அந்த அமுக்கம் கசிவதால்தான் மீதிச் சத்தம். வால்வென்றால் எதைக் கழட்டினாலும் மாறாது.

கடைசிச் சோதனை சவர்க்காரத் தண்ணீர். எஞ்சினை ஆறவிட்டு, இன்ஜெக்டர் வயர் நாலையும் கொயில் வயர் நாலையும் கழட்டி, மூன்றாவது கொயிலை உருவி எடுத்து, பிளக் குழிக்குள் ஒரு தேக்கரண்டி விட்டு, ஸ்டார்ட்டரை ஐந்து விநாடி சுற்றவிட்டோம். அடியிலிருந்து நுரை பொங்கி வந்தது. பக்கத்தில் நின்ற தம்பி சிரித்துவிட்டான். தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றி உலர்த்திய பிறகுதான் பிளக்கைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் அழுக்கும் தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கும்.

16 மி.மீ. பிளக் சொக்கெட்டையும் எக்ஸ்ரென்ஷனையும் வைத்து, ரெச்செட் இல்லாமல், இரண்டு விரலால் திருப்பினேன். கழன்றது. வெள்ளை பீங்கானில் அடியிலிருந்து மேலே கறுப்பு ஓடியிருந்தது. பிளக்கின் வளையம் நசுங்கவே இல்லை, கடையில் இருந்தபடியே உருண்டையாக இருந்தது. ஆக, கையால் பூட்டியவர் ரெச்செட் போட மறந்துவிட்டார். பிளக் தன் சூட்டை அந்த இருக்கை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தளர்ந்திருந்தால் நுனி அளவுக்கு மீறிச் சூடாகும். அலுமினிய ஹெட்டின் புரி தேய்ந்தால் பிளக் ஒருநாள் எகிறியும் வரும். மூன்று கிழமை உவர்மலை ஏறி இறங்கியதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அந்தப் பிளக்கைத் திரும்பப் போடவில்லை. டென்சோ கே16ஆர்-யூ11, இடைவெளி 1.1 மி.மீ., ஒன்று புதிதாக வாங்கினேன். புரியில் கிறீஸ் பூசக்கூடாது; பூசினால் அதே முறுக்கில் கூட இறுகிவிடும். குளிர்ந்த எஞ்சினில் கையால் அடிவரை ஏற்றி, ரோர்க் ரெஞ்சில் (முறுக்கை அளந்து இறுக்கும் ரெஞ்ச்) 18 நியூட்டன் மீற்றர். ரெஞ்ச் இல்லாதவர்கள் புதுப் பிளக்கென்றால் கையால் முட்டிய பிறகு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைய. பழைய பிளக்கென்றால் வளையம் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுப் போதும். கொயில் றப்பரை ஸ்பிரிட்டில் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். கரிக்கோடு ஆழமாக இருந்தால் மாற்றிவிடுங்கள், மின்பொறி அந்த வழியாக இறங்கி ஏற்றத்தில் மிஸ் அடிக்கும்.

ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜெக்டரின் கிரிகிரி மட்டும்.

சேர்விஸ் செய்த இடத்தில் போய்ச் சொன்னதற்கு, "நாங்க இறுக்கினது, வெக்கைக்குத் தளர்ந்திருக்கும்" என்றார்கள். நசுங்காத வளையத்தைக் காட்டினேன். பிளக்குக்கான காசைத் தந்தார்கள், ஒயிலுக்குத் தரவில்லை. இப்போது சேர்விஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது கொயில் நாலையும் கழட்டிச் சொக்கெட் போட்டுப் பார்த்துவிட்டே புறப்படுகிறேன். பத்து நிமிடம், அவர்கள் முகம் கொஞ்சம் மாறும்.

இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. அளப்பதற்குக் கழட்டிய ரப்பெட் கவரைத் திரும்பப் பூட்டும்போது, செயின் கவரும் ஹெட்டும் சந்திக்கும் இரண்டு மூலைகளிலும் சிலிக்கன் பேஸ்ட் வைக்க மறந்திருந்தேன். கஸ்கட் மட்டும் அந்த மூட்டிலுள்ள சிறு படியை மூடாது. ஒரு கிழமைக்குள் செயின் கவரில் ஒயில் வழிந்து மண் ஒட்டியிருந்தது. மறுபடி கழட்டி, பழையதைச் சுரண்டி, இரண்டு மூலையிலும் பயறளவு பேஸ்ட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக 10 நியூட்டன் மீற்றரில் இறுக்கி, இரவு முழுக்க விட்டுக் காலையில் எடுத்தேன். அதற்கு யாரிடமும் காசு கேட்க முடியவில்லை.