ஆர்க்கிடெக்ட்டாக இருந்து வீட்டுவசதிக் கொள்கைக்கு நான் வந்த வழி

கட்டடக்கலை படித்து முடித்தபோது வீட்டுவசதிக் கொள்கை என்று ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. நகரத் திட்டமிடலில் முதுகலை சேர்ந்ததும் பெரிய பெரிய வரைபடங்கள் போடலாம் என்ற ஆசையில்தான்.

அந்த இரண்டு வருடப் படிப்பில் ஒரு கட்டுரை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த புரூட்-ஐகோ என்ற அரசு வாடகைக் குடியிருப்பு பற்றியது. 11 மாடியில் 33 கட்டடங்கள். 1950களில் கட்டியதை 1972-லேயே வெடிவைத்துத் தகர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வடிவமைப்புதான் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். தேடிப் பார்த்தால், குடியிருப்போர் கொடுக்கும் வாடகையிலிருந்தே பராமரிப்பும் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தில் ஜனத்தொகை குறையக் குறைய வீடுகள் காலியாகி, வாடகை வரவும் சரிந்து, லிஃப்ட் பழுதானால் பழுதானபடியே கிடந்திருக்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கை நான் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

முதல் வேலை ஒரு ஆலோசனை நிறுவனத்தில். மூன்று வருடம் நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் கொடுத்தேன். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா. அப்புறம் மறுகுடியமர்வு செய்யப்பட்ட, அதாவது பழைய இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிக் குடிவைக்கப்பட்ட, குடும்பங்களைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். படிவத்தில் சுவர் என்ன வகை, தரை என்ன வகை, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நான் டிக் அடித்துக்கொண்டே வந்தபோது ஒரு அம்மா கேட்டார்: "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். அதை எங்க எழுதுவீங்க?"

அதற்குக் கட்டம் இல்லை. படிவத்தின் பின்பக்கம் எழுதினேன். அடுத்த வீட்டிலிருந்து பயண நேரம், பயணச் செலவு இரண்டையும் நானாகவே கேட்டுக் குறித்துக்கொண்டேன். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் தாங்கும் என்பது பல நாடுகளில் புழங்கும் அளவுகோல். அதில் பயணம் சேராது. வீடும் பயணமும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கணக்கிடும் முறையும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டேன். முதல் கணக்கில் வசதியாகத் தெரிந்த பல குடும்பங்கள் இரண்டாவதில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தன. மேலதிகாரி அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

வேலை மாறலாம் என்று முடிவெடுத்தது அதனால்தான். ஆனால் அடுத்தடுத்து நிராகரிப்பு. என் போர்ட்ஃபோலியோவில் இருந்ததெல்லாம் வரைபடங்கள். ஒரு நேர்காணலில், "சரி, இதைப் பார்த்துவிட்டு அமைச்சர் என்ன முடிவெடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, பெயர் விவரங்களை நீக்கிய அந்த ஒரே அட்டவணையை வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். பிரச்சினை இது, இவர்களைப் பாதிக்கிறது, இந்த மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் யார் செலவழிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பதினொரு முறை திருத்த வேண்டியிருந்தது. இப்போதிருக்கும் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல் முழுக்க அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே நடந்தது.

கட்டடக்கலை படித்தால்தான் இதற்கு வர முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. எங்கள் குழுவில் பொருளாதாரம், புவியியல், சட்டம் படித்தவர்கள்தான் அதிகம். வரைபடத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், சில வாரங்களில் கை பழகிவிடும். பட்ஜெட் ஆவணம் படிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும் வேறு வேறு என்பதே அதில்தான் புரிந்தது. முதலில் அதைக் கையில் எடுங்கள்.