புனிதரின் தலை மட்டும் எங்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்மானுவேல் பேராலயத்தின் கோத்திக் பாணிக் கூர்வளைவுச் சன்னல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, லண்டனில் மகள் குடியிருக்கும் அடுக்ககம் விக்டோரியா காலத்துத் தேவாலயமாக இருந்தது என்பது முதலில் உறுத்தலாகவே இருந்தது. மக்கள் அமர்ந்து வழிபட்ட நடுக்கூடம் ஓங்கி உயர்ந்த ஒரே வெளியாகையால், பழைய கற்சுவர்களின் மேல் புதிய பாரம் ஏறாதபடி, உள்ளே தனியாக எஃகுச் சட்டம் நிறுத்தி மூன்று தளங்கள் போட்டிருக்கிறார்கள். ஆனால் நெடிய சன்னல்களை அத்தளங்கள் குறுக்கே வெட்டுகின்றன: வண்ணக் கண்ணாடியிலுள்ள புனிதரின் தலை மேல்தளத்து மகள் வீட்டுக்கு, பாதங்கள் கீழ்வீட்டாருக்கு. கூரையின் மர உத்தரம் படுக்கையறைக்குள் தாழ இறங்குவதால் குனிந்துதான் நுழைய வேண்டும். தேவாலயத்துக்கு அது பொருத்தந்தான். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் பழைய சன்னலைத் தொடாமல், குளிருக்காக உட்புறம் இன்னொரு கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு செத்த ஈ கிடக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.