மில்லை இடிக்கும் முன் தவிட்டை அள்ளுங்கள்

டெல்டா பக்கம் பழைய ரைஸ் மில்களை இடித்துக் கல்யாண மண்டபமும் மனையும் ஆக்குகிறார்கள். நான் மேற்பார்வை பார்ப்பது அந்த இடிப்பு வேலையைத்தான். சாவியைக் கொடுக்கும்போது ஓனர்கள் சொல்வது ஒன்றே: "உள்ளே ஒண்ணும் இல்ல சார், காலிதான்."

மூட்டைகள் போயிருக்கும், சரி. ஏணி போட்டு ஏறி, கூரையைத் தாங்கும் ட்ரஸ் சட்டத்தின் மேல் கை வைத்தால் விரல் புதையும், அவ்வளவு தவிட்டுத் தூசி. தானியத்தை மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரின் அடிக்குழியில் பல வருஷத்துத் தவிடு கட்டிதட்டிக் கிடக்கும். அதை அள்ளாமல், கேஸ் சுடரால் இரும்பை அறுக்கும் கட்டிங் ஆட்களை உள்ளே விட நான் சம்மதிப்பதே இல்லை.

பழைய இரும்பு எடுப்பவர் அவசரப்படுவார். சரக்கு லாரி ஏறினால்தான் அவருக்குக் காசு. ஆனால் மேலே ஒரு போல்ட்டை அறுத்தால், உருகிய இரும்புத் துளி எலிவேட்டர் குழாய் வழியே நேராக அடிக்குழியில் போய் விழும். தவிடும் உமியும் உடனே சுடர்விடாது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். அந்தக் குழாயே புகைபோக்கியாகி நெருப்பைக் கூரைக்கு இழுத்துவிடும்.

அடைத்த இடத்தில் தூசி கிளம்பியிருக்கும்போது பொறி பட்டால் வெடிக்கவே செய்யும். முதல் வெடி சின்னதாக இருந்தாலும், அந்த அதிர்ச்சியில் ட்ரஸ்ஸில் படிந்ததெல்லாம் உதிர்ந்து அடுத்த வெடிக்குத் தீனியாகிவிடும். 1878இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் வாஷ்பர்ன் ஆலை மாவுத் தூசியால் வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

பொறியே இல்லாமலும் தீப்பிடிக்கும் என்பதற்கு லெபனானின் பெய்ரூட் சாட்சி. 2020 ஆகஸ்ட் 4 வெடிவிபத்தில் சிதைந்த துறைமுக சைலோக்களை, அதாவது தானியம் சேமிக்கும் கோபுரங்களை, இடிக்க அரசு முடிவெடுத்தது. நினைவுச் சின்னமாக நிற்கட்டும் என்றன இறந்தவர்களின் குடும்பங்கள். அந்த இழுபறி தீரும் முன்பே, உள்ளே தங்கிய தானியம் புளித்துச் சூடேறி 2022 ஜூலையில் தீப்பிடித்தது. வாரக்கணக்கில் எரிந்தது. ஜூலை 31 அன்று வடக்குப் பகுதி சரியத் தொடங்கியது.

எங்கள் முறை எளிது. முதலில் ஜன்னல், கதவெல்லாம் திறந்து காற்றோட்டம். அப்புறம் மேலிருந்து கீழாகக் கையால் அள்ளுவது. கம்ப்ரஸர் வைத்து ஊதவே கூடாது. தண்ணீரையும் பூவாளித் தூறலாகத்தான் விட வேண்டும். பீய்ச்சினால் தூசி கிளம்பிவிடும். மூட்டை அடுக்கிய மூலைகளில் பூச்சி மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அதில் இருக்கும் அலுமினியம் பாஸ்பைடு ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும். விஷம், தீயும் பிடிக்கும். ஸ்பேனருக்கு அசைகிற போல்ட்டை ஸ்பேனரால்தான் கழற்ற வேண்டும். கட்டிங் முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஆள் காவல் நிற்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பான NFPA-வின் தரநிலை. தவிடு இருந்த இடத்தில் எனக்கு அது போதாது, இரவுக் காவலரையும் அடிக்குழியைப் பார்த்துவரச் சொல்கிறேன்.

அள்ளிய ஈரத் தவிட்டை மதிலோரம் குவித்து வைக்காதீர்கள். அங்கேயும் சூடேறும். அன்றன்றைக்கே வெளியேற்றுங்கள், முடியாவிட்டால் களத்தில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள்.